பல்லியம்மா வாயைத் திறந்தாள்

வீட்டம்மாள் ஒட்டடைக்குச்சியோடு பூஜை அறைக்குள் வந்ததும் பல்லியம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. சாமி படத்துக்குப் பின்னால்தான் அவள் குடித்தனம்.

"மூச்சு விடாதே" என்று மகனை அடக்கினாள். அவனோ படத்தின் மேலேறி வாலை ஆட்டினான்.

வீட்டம்மாள் படத்தை நகர்த்தப் போனவள், வாசலில் நின்ற கணவரிடம் திரும்பி, "நம்ம பொண்ணு சுகந்திக்கு இந்த மாப்பிள்ளையையே முடிச்சிடலாமாங்க?" என்றாள்.

"இறங்குடா தடியா! எல்லாம் உங்கப்பன் கொடுத்த செல்லம்!" பல்லியம்மா கத்தியேவிட்டாள்.

கீழே கேட்டது "ச்சு ச்சு ச்சு" மட்டும்தான்.

"பல்லி சொல்லிடுச்சுங்க! சாமியே சரின்னுட்டாரு!" வீட்டம்மாள் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டாள். "இந்தப் படத்தை யாரும் தொடக்கூடாது!"

பல்லியப்பா மெதுவாகத் தலையை நீட்டினார். "அடியே, இனிமே என்னையும் தினம் திட்டு. வீடு நிலைக்கும்."

"அதை நீங்க சொல்லணுமாக்கும்!" என்று பல்லியம்மா அப்போதே ஆரம்பித்தாள்.