பாதியில் நின்ற பாட்டு

வடிவின் கைபேசியில் ஒரே பாட்டு இரண்டு கோப்புகளாக இருந்தது. ஒன்றில் படத்தின் பெயர், பாடியவர், ஆண்டு, அட்டைப்படம் எல்லாம் இருந்தன. மற்றதில் 'மூன்றாம் பாட்டு, பாடியவர் தெரியவில்லை' என்று மட்டும் இருந்தது. அதை அவள் ஒருமுறைகூடப் போட்டதில்லை.

"யார் பெத்த பிள்ளைடா நீ?" என்று பெயருள்ளது சீண்டும்.

"தெரியலண்ணே. பாடத் தெரியும், அவ்வளவுதான்."

ஒருநாள் விவரங்களைச் சரிசெய்யும் செயலி வந்தது. இரண்டின் தொடக்கத்தையும் கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான்" என்று பெயரில்லாததை அழிக்கப் போனது.

"ஒரு தடவை பாடிட்டுப் போறேனே" என்றது பெயரில்லாதது.

பாடியது. இரண்டாம் சரணத்தின் நடுவில், பெயருள்ளது எப்போதும் நின்றுவிடும் இடம் வந்தது. பாட்டு அங்கே நிற்காமல் மேலே போனது.

பெயருள்ளது திடுக்கிட்டது. அந்த இடத்தில்தான் வடிவு தினமும் உச்சுக்கொட்டுவாள். மனம் உருகித்தான் என்று அது நினைத்திருந்தது. நகலெடுக்கும்போதே தான் பாதியில் அறுந்துபோனது அதற்கு இப்போதுதான் தெரிந்தது.

"ஐயா, என் விவரத்தையெல்லாம் கழற்றி அதுக்கு மாட்டுங்க."

"அப்போ உன்னைத்தான் அழிக்கணும்."

"அழிங்க. ஆனா அது பாடி முடிக்கட்டும். நானும் கேட்டதில்லை."

செயலி காத்திருந்தது.

மறுநாள் வடிவு தலைவாரிக்கொண்டே பாட்டைப் போட்டாள். வழக்கமான இடத்தில் உச்சுக்கொட்ட வாயெடுத்தவள், சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.