பதக்கத்தின் விளிம்பு

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டிய கல்லறைத் தோட்டத்தில், ஆத்துமாக்கள் திருநாளன்று, மழை தூறுகிறது. வெள்ளைக்காரருக்காக யுத்தத்துக்குப் போய், கடல் தாண்டி பஸ்ராவில் செத்த மகன் சுவக்கினுக்கு இங்கே குழி இல்லை. அதனால் சூசையம்மா வெறுந்தரையில் மண்ணைக் குவித்து, அரசாங்கம் அனுப்பிய வெள்ளிப் பதக்கத்தை அதன்மேல் வைத்து மெழுகுவர்த்தி கொளுத்துகிறாள். குடை பிடித்து நிற்கும் மகள் றீற்றாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "வருசா வருசம் இதே கூத்து! அதுல இருக்கிறது ராசா தலைம்மா. அவரு லண்டன்ல உசிரோட இருக்காரு. அவருக்குக் கல்லறையில மெழுகுவர்த்தி கொளுத்துனா பொலிசுதான் வரும்!" சூசையம்மா பதக்கத்தை எடுக்கிறாள். ராசாவின் முகத்துச் சேற்றை விட்டுவிட்டு, பொடியாகப் பெயர் வெட்டிய விளிம்பை மட்டும் முந்தானையால் துடைத்து, மண்ணில் நட்டு நிறுத்துகிறாள். "ஒங்கண்ணன் பேரு வேற எங்கடி எழுதியிருக்கு?" "நனையுது, தள்ளி ஒக்காருங்க" என்று எரிந்து விழுந்தபடியே றீற்றா குடையை மெழுகுவர்த்திக்குப் பிடிக்கிறாள்.