பதினேழுக்கு ஒரு பெயர்

நூற்று நாற்பத்து மூன்று வார்னிங்.

வினோதினிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

அம்மன் கோயில் முன்னால் தார்ப்பாய் கட்டி ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் மேஜை, அதன் மேல் அவளுடைய லேப்டாப். பக்கத்து நாற்காலியில் அண்ணன் சிவகுமார். முன்வரிசையில் நைனா வேதாசலம், மகளைப் பார்த்துப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஏரியில் எந்த வீட்டு வலை எந்த இடத்தில் நிற்பது என்பதுதான் பாடு. முகத்துவாரத்துப் பக்கம் விழுந்தால் இறாலை அள்ளலாம். சேற்றுப் பக்கம் விழுந்தால் பாசியை வழித்துக்கொண்டு வர வேண்டியதுதான். முன்பெல்லாம் சீட்டுக் குலுக்கினார்கள். குலுக்குகிறவன் கை சுத்தமில்லை என்று சண்டை வந்ததால், சிவகுமார் எழுதிக் கொடுத்த ஆப்புக்கு மாறினார்கள். வீட்டுக்கு ஒரு எண். வாரா வாரம் ஆப்தான் குலுக்கும். மிஷினுக்கு ஏது கை என்று ஊரும் நிம்மதியாக இருந்தது.

பதினெட்டாம் எண் முனியம்மாள் மட்டும்தான் கேட்டாள். புருஷன் போனபிறகு மகனை வைத்து வலை போடுகிறவள்.

“எட்டு வாரத்துல ஆறு வாரம் எனுக்குச் சேறுதான் வுழுந்துகீது. அந்த ஆப்ப யாராவது தொறந்து பாருங்கப்பா!”

என் தங்கச்சியே பார்க்கட்டும் என்று சொன்னவன் சிவகுமார்தான். சென்னையில் அவளுக்கு இதே வேலை. ஊரில் வேறு யாருக்கும் இது தெரியாது. வேதாசலம் மகள் பொய் சொல்ல மாட்டாள் என்று ஊர்த் தலைவரும் ஒத்துக்கொண்டார். வினோதினிக்கு அதில் பெருமை வேறு. ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு, பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து வந்திருந்தாள்.

ஆப்பின் கோட் எதையும் ஓட்டிப் பார்க்காமலே வரி வரியாகப் படித்து, குறைக்கு ஒரு வார்னிங் சொல்கிற டூல் ஒன்று உண்டு. அதை அண்ணனின் கோட் மேல் ஏவிவிட்டாள்.

சீச்சீ.

ஏ, ஏஏ, ஏஏஏ என்று பெயர்கள். ஒரே இருபது வரியை ஆறு இடத்தில் ஒட்டியிருந்தான். யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்கள் மூலைக்கு மூலை கிடந்தன, வீட்டில் அவன் கழற்றிப் போடுகிற சட்டை மாதிரி. இதை எழுதிவிட்டுத்தான் இன்ஜினியர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறானா? திரையைத் தொடவே கூசியது.

நூற்று ஏழாவது வார்னிங்கில் அவள் கை நின்றது.

வெறும் எண்ணை அப்படியே எழுதியிருக்கிறீர்கள், அதற்குப் பொருள் தரும் பெயர் ஒன்று வையுங்கள் என்றது டூல். வகை, ஸ்டைல். தீவிரம், குறைவு.

அந்த வரியைத் திறந்தாள். பதினேழாம் எண்ணுக்குச் சேறு விழுந்தால், அதை அடுத்த எண்ணுக்கு மாற்று.

இரண்டு முறை படித்தாள். பதினேழு அவர்கள் வீட்டு எண். காலையில் வந்ததும் வராததுமாக அம்மா இறால் தொக்கு போட்டிருந்தாள். ஒவ்வொன்றும் விரல் தடிமன். கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டது யார் பங்கு இறால் என்று இப்போதுதான் உறைத்தது.

சிவகுமார் அவள் பக்கம் சாய்ந்தான். அவன் முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

“ஸ்டைலு சரியில்லைனுதான போட்டுகீது? அத மட்டும் சொல்லிட்டு மூடு.”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தெரிந்தேதான் கூப்பிட்டிருக்கிறான். திறந்து பார்ப்பாள், பார்த்துவிட்டு வாயையும் சேர்த்து மூடிக்கொள்வாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். திருட்டைவிட அவள் மேல் அவன் வைத்திருந்த அந்த நம்பிக்கைதான் கசந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். முனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். நைனா மீசையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அவருக்கும் தெரியும்.

டூல் சொல்வது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள் வினோதினி. வெறும் எண்ணாக விட்டால் படிக்கிறவர்களுக்கு என்ன புரியும்?

பதினேழை அழித்தாள். அந்த இடத்தில் ஒரு பெயரைத் தமிழிலேயே அடித்தாள். மறுபடி டூலை ஏவினாள். நூற்று நாற்பத்திரண்டு என்றது.

எழுத்தைப் பெரிதாக்கி, லேப்டாப்பை முனியம்மாள் பக்கம் திருப்பி வைத்தாள்.

முனியம்மாள் கிட்டே வந்து குனிந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்தாள். வே என்றாள். தா என்றாள்.

அதற்குள் முன்வரிசையில் நைனா எழுந்துவிட்டார்.