படத்துக்குப் பின்னால் எழுதியது

மூன்றாவது படி நிஜமாகவே உடைந்திருந்தது.

மணவாளன் தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டு சிரித்துவிட்டான். பாவி மகள், இதில்கூடப் பொய் சொல்லவில்லை!

கிள்ளையில் மூன்றே அறைகளை வாடகைக்கு விடும் வீடு அது. வீட்டுக்காரி பெயர் தைலம்மாள். பிச்சாவரத்துக்குக் கிட்டே தங்க இடம் வேண்டும் என்று யார் கூகுளில் தேடினாலும், ஐந்து மாதமாக இவளுடைய வெப்சைட்தான் முதலில் வந்து நிற்கிறது.

இரண்டாவதாக வருவது சிதம்பரம் நடனசபாபதியின் லாட்ஜ். நாற்பது அறை, லிஃப்ட், ஏ.சி., எல்லாம் உண்டு. அதை முதலிடத்துக்குக் கொண்டுவருவதுதான் மணவாளனின் பிழைப்பு. கடலூர்க் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷமாக இதே வேலை.

வெள்ளிக்கிழமைக்குள் முதலில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நடனசபாபதி சொல்லிவிட்டார். அவர் போனால் நீயும் கிளம்பு என்று கம்பெனியிலும் சொல்லிவிட்டார்கள்.

இன்று வியாழன்.

நம்மால் ஏற முடியாவிட்டால் மேலே இருப்பவரை இறக்கு. தொழிலில் அதற்கும் வழி உண்டு. தங்க வந்தவன்போல் வந்து, நாலு குறையைப் பார்த்து, நாலு பெயரில் கூகுளில் ஒற்றை நட்சத்திர விமர்சனம் போட்டுவிட்டுப் போகலாம். அதற்குத்தான் வந்திருந்தான்.

ஆனால் எதைக் குறை சொல்வது? படி உடைந்ததை அவளே எழுதிவிட்டாள். சாயங்காலம் கொசு பிடுங்கும் என்பதையும் எழுதிவிட்டாள். கரண்ட் போனால் விசிறிமட்டைதான் என்பதையும் விடவில்லை.

வெப்சைட்டில் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், நம் கண்ணில் படாமல், இது இன்ன படம் என்று ஒரு வரி எழுதி வைக்க இடமுண்டு. கூகுள் அந்த வரியையும் படிக்கும். மணவாளன் லாட்ஜின் எல்லாப் படங்களுக்கும் பின்னால் 'பிச்சாவரம் லாட்ஜ், சிதம்பரம் லாட்ஜ், பிச்சாவரம் ஏசி ரூம்' என்றே திணித்து வைத்திருந்தான். அவனுக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தைலம்மாள் வெப்சைட்டில் அந்த இடத்தைத் திறந்து பார்த்த அன்றைக்கு அசந்து போனான்.

'பச்சைக் கதவு. முன்னால மூணு படி. மூணாவது பேந்து போச்சு, பாத்து.'

'சுரபுன்னைக்கு நடுவுல வாய்க்கா. தண்ணி இன்னைக்குக் கலங்கல். வலப்பக்கம் ஒரு கொக்கு ஒத்தக் கால்ல நிக்கிது.'

எழுபது படத்துக்கு எழுபது வரி. அதுவும் மாதம் தவறாமல் புதுசு புதுசாக. கூகுளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எந்தச் சென்னைக்காரனுடைய மூளையோ, அவன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று நினைத்தான்.

ஒன்றுதான் பிடிபடவில்லை. வாசலில் தைலம்மாளே நிற்கும் படம். 'இது நான்தான். அரக்குச் சேலை. காதோரம் ரெண்டு முடி நரைச்சிருக்கு. சிரிக்கிறேன்.'

நரைமுடியை யாரய்யா தேடி வரப்போகிறார்கள்? மாதத்துக்கு எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று கணக்கெடுத்தும் பார்த்தான். ஒருவரும் இல்லை. இதில் என்னமோ பெரிய வித்தை இருக்கிறது என்று மூன்று நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டான்.

"ஸ்ப்ளெண்டர் பைக்கா தம்பி? செயினு லூசா கெடக்கு, பாருங்க."

குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. தைலம்மாளின் கணவர் லூர்துசாமி, நாற்காலியில் சாய்ந்து மடியில் போனை வைத்திருந்தார். பிச்சாவரத்தில் இருபது வருஷம் துடுப்புப் படகு ஓட்டியவர். அதுவும் வெப்சைட்டில் இருந்தது.

தைலம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். வேவு பார்க்க வந்தவன், அதை மறந்து கேட்டுவிட்டான்.

"வெப்சைட்டு அட்டகாசம்க்கா. படத்துக்குப் பின்னாடி எழுதுறது யாரு?"

"தங்கச்சி பொண்ணு போட்டுக் குடுத்துது. எழுதறது நான்தான். கூகுளு கீகுளெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி." சொல்லிக்கொண்டே இன்னொரு டம்ளர் காபியைக் கணவரின் கையில் படும்படி கொடுத்தாள். "இந்தாங்க, சூடு, பாத்து. சக்கர வியாதி இவரு கண்ண எடுத்துக்கிட்டு மூணு வருஷமாவுது. நான் எழுதறத போனு படிச்சுக் காட்டுது. கேக்குறாரு."

மணவாளன் காபியை அப்படியே கீழே வைத்தான்.

எழுபது படம். வாய்க்கால், கொக்கு, கலங்கல் தண்ணீர், உடைந்த படி. எல்லாமே ஒரே ஒரு ஆளுக்காக. ஆறு வருஷமாக இந்தத் தொழிலில் இருந்து என்னத்தைக் கற்றுக்கொண்டோம் என்று வெட்கமாக இருந்தது.

லூர்துசாமியின் மடியில் போன் கடகடவென்று படித்தது. 'இது நான்தான். அரக்குச் சேலை. காதோரம் ரெண்டு முடி நரைச்சிருக்கு. சிரிக்கிறேன்.'

அவர் விரலால் தடவி அதே வரியை இன்னொரு தரம் கேட்டார்.

"போன மாசம் ஒண்ணுன்னுதான் போட்டிருந்தா," என்றார்.

அப்போது மணவாளனின் போன் அடித்தது. நடனசபாபதி. நாளைக்கு முதல் இடம் வந்துவிடுமா என்று கேட்டார்.

வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் பதில் சொன்னான்.

"ரெண்டாவதுலயே இருந்துக்கலாம் சார். மொதல் இடத்துல ஆள் இருக்கு."