சிவப்பில் ஒரு வரி

நான்கு நாற்பத்தொன்று.

மறுபடியும் அதே விண்ணப்ப எண். மறுபடியும் நிராகரிப்பு.

அவள் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டாள்.

பெண்கள் நர்சிங் படிக்க ஓர் அறக்கட்டளை தரும் இலவச இடம். விண்ணப்பம் ஐந்து மணிக்கு மூடிக்கொள்ளும். இணையப் படிவத்தைச் செய்தவள் அவள்தான். யார் எந்தக் கட்டத்தில் இடறுகிறார்கள் என்பது அவள் திரையில் வரிவரியாக வந்து விழும்.

தந்தை பெயர்: ஒரு கோடு.

நிராகரிப்பு.

தந்தை பெயர்: இரண்டு கோடு.

நிராகரிப்பு.

ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணின் முன்னால் சிவப்பில் தோன்றும் வரியும் இவள் எழுதியதுதான். 'தந்தையின் முழுப் பெயரை எழுதவும். இனிஷியல் போதாது.' நம் ஆட்கள் அப்பாவை ஒரே எழுத்தில் முடித்துவிடுவார்கள் என்று, மூன்று எழுத்துக்குக் குறையக் கூடாதென்ற விதியையும் இவள்தான் யோசித்துச் சொன்னாள். அன்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

இப்போது வெட்கமாக இருந்தது.

நான்கு நாற்பத்தாறு.

தந்தை பெயர்: ம.

நிராகரிப்பு.

டீம் லீடர் ஜெயசீலனிடம் ஓடினாள். விதியைத் தளர்த்தலாமா என்று கேட்டாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

"ரூல் டிரஸ்ட்காரங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு. அதுல கை வைக்காத. வாசகம் வேணா உன் இஷ்டம்."

வாசகம்.

திரும்பி வந்து பழைய வரியை அழித்தாள். இரண்டு முறை தப்பாக அடித்தாள்.

'அப்பா பெயர் எழுத முடியாதவர்கள் அம்மாவின் முழுப் பெயரை எழுதுங்கள்.'

ஏற்றினாள். நான்கு ஐம்பத்திரண்டு.

ஒன்றும் வரவில்லை.

ஐம்பத்து நான்கு. எழுந்து போயிருப்பாளோ. பயமாக இருந்தது.

ஐம்பத்தாறு. அதே எண். மறுபடியும் ஒரு கோடு.

நிராகரிப்பு.

அந்தச் சிவப்பு வரியைப் பாரும்மா. வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து மேஜைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

ஐம்பத்தேழு.

தந்தை பெயர்: மரியபுஷ்பம்.

ஏற்கப்பட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறப்பதற்குள் இன்னொரு வரி விழுந்தது.

வேறு எண். தந்தை பெயர்: செல்லக்கிளி.

பிறகு சகாயராணி. பிறகு பேச்சியம்மாள்.

மணி ஐந்தானது. படிவம் மூடிக்கொண்டது.

காலையிலிருந்து முயன்றுவிட்டுப் போனவர்களின் பட்டியலை அவள் அப்போதுதான் திறந்தாள்.

பக்கம் பக்கமாகக் கோடுகள்.