மடங்கிய சுண்டுவிரல்

ஒரு கம்பெனி என் கிதார் பாடங்களைப் படம்பிடித்த வாரம், வேன் கதவில் நசுங்கிய என் இடக்கைச் சுண்டுவிரலில் கட்டு இருந்தது. அதை மடக்கிக்கொண்டு மற்ற விரல்களால் சமாளித்தேன். ஆறியதும் திரும்ப எடுத்துவிடலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். எடுக்கவில்லை. அந்தப் படங்களை வைத்தே என் முகம், குரல், கை எல்லாவற்றோடும் ஒரு கம்ப்யூட்டர் வாத்தியாரைச் செய்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு திரையில் அதுதான் பாடம் எடுக்கிறது. விரலில் இருந்த கட்டை அழித்துவிட்டார்கள். விரல் மட்டும் மடங்கியே இருக்கிறது.

போன ஞாயிறு சர்ச்சில் கிதார் வாசித்த அத்தனை பேரும் சுண்டுவிரலை மடக்கியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"சார், அது உங்க ஸ்டைல். பசங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு," என்றது ஒரு பெண்குரல்.

"ஸ்டைலா? நசுங்குன விரல்மா அது! மறுபடியும் எடுங்க. நானே வந்து வாசிச்சுக் காட்டுறேன்."

"இப்ப நீங்க வாசிச்சா உங்க மாதிரி இருக்காதே சார்."

போனைக் கட்டிலில் விட்டெறிந்தேன்.

அடுத்த அறையில் என் மகள் பெனிட்டா கிதாரோடு திரைமுன் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தால் கத்துவேனாம், அது கத்தாதாம். அவளுடைய சுண்டுவிரலும் மடங்கியிருந்தது. அதைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"இது தப்பு பாப்பா. நீட்டி வை."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே என் கையைத் தட்டிவிட்டாள்.

"சும்மா இருங்கப்பா. அப்பா சொல்லிக்குடுத்துட்டு இருக்காருல்ல."