வாசலில் நாற்பது லாரி

பழனி பைபாஸை ஒட்டிய அந்த வீட்டு வாசலில் நாற்பது லாரிகள் நின்றன. மகன் ஜெயமுருகனைக் கூட்டிக்கொண்டு, அவனுக்குப் பெண் பார்க்க மேல்மலையிலிருந்து வந்திருந்த சின்னச்சாமி, கூடத்தில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரியெல்லாம் நம்மளுதுன்னே நெனச்சுக்கிட்டுப் போகட்டும். நீங்க வாயத் தெறக்காதீங்க" என்று சமையலறையில் சண்முகவள்ளி கணவனின் காதைக் கடித்தாள்.

காபித் தட்டை எடுக்க வந்த மகள் தாரணிக்கு அது கேட்டுவிட்டது. நேரே கூடத்துக்குப் போனாள்.

"மாமா, இதுல ஒரு லாரிகூட எங்களுது இல்லைங்க. எடம் மட்டுந்தான் எங்களுது. டிரைவருங்க நிறுத்திட்டுத் தூங்கி எந்திரிச்சுப் போவாங்க. வாடகைய நான்தான் வாங்குறேன்."

சண்முகவள்ளி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

சின்னச்சாமி சிரித்தார். "தெரியும்மா. பூண்டு ஏத்துற லாரி எங்கிட்டயே பன்னெண்டு கெடக்கு. கீழ எறங்குனா நிறுத்த எடமில்ல. ரோட்டோரம் நிறுத்திட்டு, எவன் வந்து இடிப்பானோன்னு பயந்துக்கிட்டே கெடக்கோம். அதான் இந்தச் சம்பந்தத்தத் தேடி வந்தேன்."

தாரணி ஜெயமுருகனை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"இவரு மட்டும் நேரா வீட்டுக்குள்ள வரட்டுங்க மாமா. உங்க லாரிங்க வாடகை குடுத்து வரிசையிலதான் வரணும்."